டிராயரைத் திறந்தால் வயர் மூட்டை: சார்ஜர், கேபிள், பேட்டரி பழக ஒரு வழிகாட்டி

புதுப் போன் வாங்குகிறோம். பெட்டிக்குள் போன் இருக்கிறது, ஒரு கேபிள் இருக்கிறது, சார்ஜர் இல்லை. வீட்டில்தான் பத்துக் கிடக்கிறதே என்று டிராயரைத் திறந்து, கைக்கு வந்ததை எடுத்துச் செருகுகிறோம். ஒருநாள் ஒரு மணி நேரத்தில் நிறைகிறது. இன்னொரு நாள் மூன்று மணி நேரம் கிடந்தும் அறுபதைத் தாண்டவில்லை. உடனே போனில் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்தப் புலம்பலோடு என்னிடம் போனை நீட்டியவர்களில் பெரும்பாலோரின் போன் நன்றாகவே இருந்தது.

சார்ஜ் ஏறுவது மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலை: சார்ஜர், கேபிள், கருவி. மூவரில் யாருக்குத் தெம்பு குறைவோ, அவர் கணக்கில்தான் வேலை நடக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் போன், லேப்டாப், இயர்பட்ஸ், வாட்ச் என்று எதைக் கொடுத்தாலும் எது எதற்கு என்று நீங்களே சொல்லிவிடலாம். ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள்.

முதல் வேலை: எல்லாவற்றையும் தரையில் கொட்டுங்கள்

டிராயர், பழைய பை, கட்டிலுக்குக் கீழே என்று எங்கெங்கோ கிடப்பதையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டி மூன்று குவியலாகப் பிரியுங்கள். யூ.எஸ்.பி. சார்ஜர்கள் ஒரு குவியல். கேபிள்கள் ஒரு குவியல். உருண்டையான ஒற்றை முனையோடு வரும் அடாப்டர்கள், அதாவது ரவுட்டர், ஸ்பீக்கர், பழைய லேப்டாப்புக்கெல்லாம் வருமே, அவை மூன்றாவது குவியல்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் ஆபத்து இருப்பது அதில்தான். யூ.எஸ்.பி. சார்ஜர் கருவியிடம் கேட்டுக் கொடுக்கும். உருண்டை முனை அடாப்டருக்கு அந்தப் பேச்சுவார்த்தையெல்லாம் கிடையாது. அதன்மேல் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால், எதில் செருகினாலும் 12 வோல்ட்டைக் கொட்டும். 9 வோல்ட் கேட்கும் என் பழைய ரவுட்டரில் ஒருநாள் அவசரத்துக்கு 12 வோல்ட் அடாப்டரைச் செருகினேன். முனை அழகாகப் பொருந்தியது. இரண்டு நிமிடத்தில் கருகல் வாடை வந்தது, அதோடு ரவுட்டரின் கதை முடிந்தது. அதிலிருந்து இந்த வகை அடாப்டர் ஒவ்வொன்றின் முதுகிலும் எந்தக் கருவிக்கு உரியது என்று மார்க்கரால் எழுதிவைக்கிறேன். நீங்களும் எழுதிவிடுங்கள்.

மாற்று அடாப்டர் தேட வேண்டி வந்தால் மூன்று பொருத்தம் பாருங்கள். வோல்ட் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. வட்டமும் கூட்டல், கழித்தல் குறிகளுமாக ஒரு சின்னப் படம் போட்டிருப்பார்கள். முனையின் உட்பக்கம் கூட்டலா, வெளிப்பக்கம் கூட்டலா என்பதை அது சொல்லும். அதுவும் ஒத்துப்போக வேண்டும். மூன்றில் ஒன்று தப்பினாலும் செருகாதீர்கள்.

சார்ஜரின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது?

எழுத்து எறும்பு அளவுக்கு இருக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்காதீர்கள். போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் வரி, சுவரிலிருந்து அது எதை வாங்கும் என்பது. பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட், 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அப்படி இருந்தால் எந்த நாட்டு மின்சாரத்திலும் வேலை செய்யும், முனையை மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்று போதும்.

நமக்கு வேண்டியது அடுத்த வரி: கருவிக்கு அது எதைக் கொடுக்கும். 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர், 15 வோல்ட் 3 ஆம்பியர், 20 வோல்ட் 3.25 ஆம்பியர் என்று வரிசையாக இருக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். மேலே சொன்ன நான்கும் முறையே 15, 27, 45, 65 வாட். இதைத்தான் பெட்டியின்மேல் ‘65 வாட் சார்ஜர்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். நான்கையும் ஒரே நேரத்தில் தராது. இது ஒரு பட்டியல் மாதிரி. கருவி தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும்.

“65 வாட் லேப்டாப் சார்ஜரைப் போனில் போட்டால் போன் எரிந்துவிடாதா?” இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. எரியாது. டைப்-சி சார்ஜர் முதலில் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். பிறகு தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும். கருவி “எனக்கு 9 வோல்ட் போதும்” என்று கேட்டால்தான் 9 தரும். பவர் டெலிவரி, சுருக்கமாகப் பி.டி., என்பது இந்தப் பேச்சுவார்த்தைக்கு வைத்த பெயர். 2021-இல் வந்த 3.1 பதிப்பில் இதன் உச்சம் 240 வாட். அதற்கு முன் 100 வாட். இயர்பட்ஸ் டப்பாவை 100 வாட் சார்ஜரில் போட்டாலும் அது தனக்கு வேண்டிய துளியைத்தான் குடிக்கும். தலைகீழாக, 10 வாட் பழைய போன் சார்ஜரை லேப்டாப்பில் போட்டால் ஆனைப்பசிக்குச் சோளப்பொரிதான். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாமலே விடலாம், அல்லது மூடிவைத்திருக்கும்போது மட்டும் மெல்ல ஏறலாம்.

ஒரு சிக்கல் உண்டு. சில போன் நிறுவனங்கள் பி.டி.க்கு வெளியே சொந்தமாக ஒரு வேகச் சார்ஜ் முறை வைத்திருக்கின்றன. அந்தப் போனின் பெட்டியில் 80 வாட் என்று எழுதியிருக்கும், ஆனால் அந்த வேகம் அவர்கள் சார்ஜர், அவர்கள் கேபிள் இரண்டும் சேர்ந்தால்தான். வேறு பி.டி. சார்ஜரில் போட்டால் அதில் ஒரு பங்குதான் வரும். போன் கெடாது, மெதுவாக ஏறும், அவ்வளவே. இன்னொரு வகைப் போன்கள் பி.பி.எஸ். என்ற வசதி, அதாவது போன் கேட்கக் கேட்க வோல்ட்டைச் சிறுகச் சிறுக ஏற்றி இறக்கும் வசதி, சார்ஜரில் இருந்தால் முழு வேகத்துக்குப் போகும். சார்ஜரின் முதுகில் ஒற்றை வோல்ட்டுக்குப் பதிலாக 3.3 முதல் 11 வோல்ட் வரை என்பது போல ஓர் இடைவெளி அச்சாகியிருந்தால் அந்த வசதி இருக்கிறது என்று அர்த்தம். சாம்சங் போன்களின் அதிவேகச் சார்ஜுக்கு இது தேவை.

இரண்டு மூன்று போர்ட் உள்ள சார்ஜர் வைத்திருக்கிறீர்களா? மொத்த வாட்டைப் பங்கு போட்டுக் கொடுக்கும் சார்ஜர் அது. 65 வாட் என்பது ஒற்றை ஆளாக இருக்கும்போது. இன்னொன்றைச் செருகியதும் 45, 20 என்று பிரியும். அந்த நொடியில் முதல் கருவியின் சார்ஜ் ஒருமுறை நின்று மறுபடி தொடங்கும். லேப்டாப்பில் திடீரென்று ‘டிங்’ சத்தம் வந்தால் பயப்படாதீர்கள், பக்கத்துப் போர்ட்டில் யாரோ வாட்சைச் செருகியிருக்கிறார்கள்.

கேபிள்: முகம் ஒன்று, குணம் வேறு

குற்றவாளி பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருப்பார். 2014-இல் டைப்-சி வடிவம் வெளியானபோது, இனி ஒரே கேபிள், தலைகீழாகச் செருகினாலும் பிரச்சினை இல்லை என்று எல்லோரும் மகிழ்ந்தோம். முனையின் வடிவம் ஒன்றானது உண்மை. ஐபோன்கூட 2012 முதல் வைத்திருந்த லைட்னிங்கை விட்டு 2023-இல் ஐபோன் 15-இல் டைப்-சிக்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதுப் போன்களுக்கு அது சட்டமாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்த முனைக்குள் 24 பின்களுக்கு இடம் உண்டு. கேபிள் செய்பவர் அத்தனைக்கும் கம்பி இழுத்தாரா என்பது வெளியே தெரியாது. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் இரண்டு கேபிள்களில் ஒன்று லேப்டாப்பையே நிரப்பும், மற்றொன்று போனுக்கே திணறும்.

கேபிள் குவியலை இப்படிச் சலியுங்கள்.

முதலில் முனைகளைப் பாருங்கள். ஒரு பக்கம் பழைய செவ்வக டைப்-ஏ, மறுபக்கம் டைப்-சி என்றால் அதில் பி.டி. பேச்சுவார்த்தை நடக்காது. போனை மெதுவாக ஏற்றவும் சின்னக் கருவிகளுக்கும் வைத்துக்கொள்ளலாம். சில நிறுவனங்களின் சொந்த வேகச் சார்ஜ் இந்தக் கேபிளிலும் ஓடும், அது தனிக்கதை. இரண்டு பக்கமும் டைப்-சி என்றால் அடுத்த கட்டம்.

சாதாரண சி-டு-சி கேபிள் 3 ஆம்பியர் வரை தாங்கும், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் முனைக்குள் ஒரு குட்டிச் சிப் இருக்க வேண்டும். “நான் 5 ஆம்பியர் தாங்குவேன்” என்று சார்ஜரிடம் கேபிள் தன்னை அறிமுகம் செய்துகொள்வது அந்தச் சிப் வழியாகத்தான். சிப் இல்லாத கேபிளில் 100 வாட் சார்ஜரையும் 100 வாட் லேப்டாப்பையும் இணைத்தாலும் 60-க்கு மேல் போகாது. முனையிலோ அட்டையிலோ 60 அல்லது 240 வாட் என்று குறி இருந்தால் அதிர்ஷ்டம். ஒன்றுமே எழுதாத கேபிளை 60 என்றே கணக்கில் வையுங்கள்.

அடுத்து, தகவல் போகிறதா என்ற சோதனை. போனையும் கணினியையும் இணைத்துப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏறி, போன் கணினியில் தெரியவே இல்லை என்றால், போனில் கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தும் தெரியவில்லை என்றால், அது சார்ஜுக்கு மட்டுமான கேபிள். தெரிந்தால் ஒரு பெரிய வீடியோவை நகலெடுத்து நேரம் பாருங்கள். டைப்-சி கேபிள்களில் பலவும் உள்ளுக்குள் பழைய யூ.எஸ்.பி. 2.0 தான், நொடிக்கு 480 மெகாபிட் அதன் உச்சம். 10 ஜிபி வீடியோவுக்கு நாலைந்து நிமிடம் பிடிக்கும். வெளி ஹார்ட் டிஸ்க், மானிட்டர் இவற்றோடு வந்த கேபிளைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்வது இதனால்தான். அதைப் படுக்கையோரச் சார்ஜுக்குக் கொண்டுபோய்விட்டு, மானிட்டரில் படம் வரவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு.

சோதித்ததும் முனைக்கருகில் காகித ஒட்டு நாடாவைச் சுற்றி, ‘60, மெதுவு’, ‘100, லேப்டாப்’, ‘சார்ஜ் மட்டும்’ என்று எழுதுங்கள். வெளியுறை கிழிந்தது, முனை வளைந்தது, செருகினால் சுடுவது எதையும் திரும்ப டிராயரில் போடாதீர்கள். ‘அவசரத்துக்கு உதவும்’ என்று வைக்கும் கேபிள்தான் அவசரத்தில் காலை வாரும்.

ஒரு விசித்திரம் சொல்லிவிடுகிறேன். சில மலிவான டார்ச், ஷேவர், விளையாட்டுச் சாமான்களில் டைப்-சி போர்ட் இருக்கும், ஆனால் சி-டு-சி கேபிளில் சார்ஜே ஏறாது. பழைய ஏ-டு-சி கேபிளில் மட்டும் ஏறும். தான் மின்சாரம் வாங்க வந்த கருவி என்று சார்ஜருக்குச் சொல்ல, கருவிக்குள் இரண்டு குட்டி ரெசிஸ்டர்கள் வேண்டும். அந்தத் துளிச் செலவையும் மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். மிச்சம் பிடிப்பவர்களிடம் மட்டும்தான் இந்தக் குறை என்றில்லை. 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 கணினிப் பலகையின் முதல் பதிப்பிலும் இந்த ரெசிஸ்டர் இணைப்பில் ஒரு தவறு நேர்ந்து, சிப் வைத்த நல்ல கேபிள்களில் அது உயிர்பெறாமல் போனது. ஆகவே ஒன்றிரண்டு ஏ-டு-சி கேபிளை மிச்சம் வையுங்கள்.

போனின் போர்ட்டையும் ஒருமுறை பாருங்கள்

சார்ஜரும் கேபிளும் சரி, இருந்தும் விட்டுவிட்டு ஏறுகிறதா? கேபிளைச் செருகும்போது ‘டக்’ என்று உட்காராமல் லொடலொடவென்று ஆடினால், சட்டைப் பையின் பஞ்சும் தூசியும் போர்ட்டுக்குள் அடைந்து கெட்டியாகியிருக்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் கூடாது. நீங்களே பார்த்து வியக்கும் அளவுக்குப் பஞ்சு வரும். ‘போர்ட் மாற்ற வேண்டும்’ என்று சொல்லப்பட்ட போன்கள் இந்த ஒரு பல்குச்சியில் பிழைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஈரம் பட்டிருந்தால் சார்ஜ் போடவே வேண்டாம். போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி உள்ளங்கையில் லேசாகத் தட்டி, காற்றோட்டத்தில் வையுங்கள். அரிசிக்குள் புதைப்பது ஊரறிந்த வைத்தியம்தான். அரிசித்துகள் உள்ளே போய் இன்னும் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே வேண்டாம் என்கிறது.

தினசரிப் பழக்கம்

லித்தியம் அயன் பேட்டரியை 1991-இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னால் இருந்த குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் நம் வீடுகளில் புழங்கும் அறிவுரைகள் அதற்கும் முந்தைய நிக்கல் காட்மியம் காலத்தவை. ‘முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும்’, ‘முதல் தடவை எட்டு மணி நேரம் போடணும்’ என்பவை இன்றைய பேட்டரிக்குப் பொருந்தா. முழுக்கத் தீரவிடுவது இதற்கு நல்லதும் அல்ல. இருபதில் போட்டு ஐம்பதில் எடுத்தாலும் ஒன்றும் குறையாது. இன்று ஐம்பது, நாளை ஐம்பது செலவழித்தால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுற்று. ஐபோன் 15 முதல், 1000 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படி பேட்டரி வடிவமைக்கப்பட்டிருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. அதற்கு முந்தைய போன்களுக்கு அது 500 சுற்று.

எண்பதுக்கு மேல் ஏன் நத்தை வேகம் என்று கேட்பார்கள். குடத்தில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் குழாயைத் தாராளமாகத் திறந்துவிடுவோம், கழுத்து நெருங்கியதும் தளும்பாமல் இருக்கச் சிறுகத் திருப்புவோம். பேட்டரியும் அப்படித்தான் நிறைகிறது. வெளியே கிளம்பும் அவசரம் என்றால் எண்பதில் பிடுங்கிக்கொண்டு போங்கள். கடைசி இருபதுக்குக் காத்திருக்கும் நேரம் வீண்.

பேட்டரிக்கு உண்மையான எதிரி சூடு. ஆப்பிளும் சாம்சங்கும் தங்கள் போன்களைப் பயன்படுத்த 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலைச் சொல்கின்றன. தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடுவது, சார்ஜ் போட்டபடி கனமான கேம் விளையாடுவது, வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டு வருவது, இந்த மூன்றையும் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. போன் கை பொறுக்காத அளவுக்குச் சுட்டால் உறையைக் கழற்றிக் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துவிடும். ஒயர்லெஸ் சார்ஜ் சௌகரியம்தான், ஆனால் மின்சாரத்தில் ஒரு பங்கு சூடாகப் போகிறது. சார்ஜர் மேல் போன் சற்று விலகி உட்கார்ந்தால் சூடு இன்னும் கூடும். காந்தத்தால் சரியான இடத்தில் ஒட்டிக்கொள்ளும் ‘சி2’ (Qi2) வகை வந்ததே இந்த விலகலைச் சமாளிக்கத்தான்.

இரவு முழுக்கப் போட்டுவைக்கலாமா? நிறைந்ததும் போன் தானே நிறுத்திக்கொள்ளும், அதில் பயமில்லை. ஆனால் நூறிலேயே மணிக்கணக்கில் நிற்பது பேட்டரியை மெல்ல முதுமைக்குத் தள்ளும். பேட்டரி அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். எண்பதில் நிறுத்தும் வசதியோ, நீங்கள் எழும் நேரத்துக்குச் சற்று முன் நூறைத் தொடும் வசதியோ பல போன்களில் உண்டு. அதைப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். எண்பது போதாமல் மாலையிலேயே போன் அணைந்துவிடுகிறது என்றால் தயங்காமல் நூறு வரை நிரப்புங்கள். பேட்டரி நமக்கு உழைக்கத்தான் வாங்கினோம், நாம் அதற்கு ஊழியம் செய்ய அல்ல.

பழைய போனையோ டேப்லெட்டையோ மாதக்கணக்கில் எடுத்துவைப்பதானால் ஐம்பது சதவீதத்தில் அணைத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி ஐம்பதுக்குக் கொண்டுவாருங்கள்.

பவர் பேங்க்: கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் இடம்

என் போன் 5000 எம்.ஏ.எச்., பவர் பேங்க் 10,000, ஆகவே இரண்டு தடவை நிரப்பலாம் என்று கணக்குப் போடுவோம். ஒன்றரை தடவையோடு அது கையை விரிக்கும். ஏமாற்று என்று திட்டும் முன் இதைப் பாருங்கள். 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன எண். 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 37 வாட்-அவர், அதாவது உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல். வெளியே போவதோ 5 வோல்ட்டில்; அந்தக் கணக்கில் அதே 37 வாட்-அவர் 7400 எம்.ஏ.எச். ஆகிவிடுகிறது. மாற்றும்போது சூடாகப் போவதையும் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சம். நேர்மையான நிறுவனங்கள் இந்தச் சின்ன எண்ணையும் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் அது.

விமானப் பயணத்துக்கு வாட்-அவர்தான் கணக்கு. 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, அதாவது சுமார் 27,000 எம்.ஏ.எச். வரை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் கிடையாது. எந்த அளவானாலும் கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும். சரக்கறைக்குப் போகும் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே சில நிறுவனங்கள் விடுவதில்லை, கிளம்பும் முன் அவர்கள் விதியைப் பார்த்துவிடுங்கள்.

இயர்பட்ஸையோ வாட்சையோ செருகினால் பவர் பேங்க் சற்று நேரத்தில் அணைந்துவிடுகிறதா? அவை இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், ஒன்றும் செருகவில்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. பல பவர் பேங்க்குகளில் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் சின்னக் கருவிகளுக்கான நிலைக்கு மாறும். கையேட்டைத் தூக்கிப் போட்டிருந்தாலும் அழுத்திப் பார்க்கக் காசில்லை.

வீங்கினால்

மேசையில் வைத்த போன் தட்டையாக உட்காராமல் ஆடுகிறது. திரை ஓரமாகத் தூக்கியிருக்கிறது. லேப்டாப்பின் டச்பேட் அழுத்த முடியாமல் கெட்டியாகிவிட்டது. இவற்றில் எதைக் கண்டாலும் உள்ளே பேட்டரி வாயு கோத்து வீங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியே சார்ஜை எடுத்து அணையுங்கள். அழுத்தித் தட்டையாக்கப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், ‘இன்னிக்கு ஒருநாள் ஓட்டிடலாம்’ என்று நினைக்காதீர்கள். பேட்டரிக் கோளாறால் 2016-இல் சாம்சங் தன் நோட் 7 போன்களை உலகம் முழுவதிலிருந்தும் திரும்பப் பெற்று, அந்த மாடலையே கைவிட்டது. போன் தயாரித்தவரே விளையாடாத இடத்தில் நாம் விளையாடக்கூடாது.

துணி, காகிதம், படுக்கை எதுவும் பக்கத்தில் இல்லாமல் தரையிலோ கல்மேடையிலோ வைத்து, சர்வீஸ் சென்டருக்குப் பேசிவிட்டுக் கொண்டுபோங்கள். பேட்டரி எதுவாக இருந்தாலும் வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். முதல் வேலையில் தரையில் கொட்டினோமே, அதில் தேறாமல் போன கேபிள், சார்ஜர் எல்லாவற்றையும் அதே பையில் கட்டி, அதே நடையில் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.